அம்மாவை அசிஸ்டட் லிவிங்கில் (அன்றாட உதவியோடு தங்கும் முதியோர் இல்லத்தில்) சேர்ப்பதற்கு முன் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

ஈரோட்டுப்பெண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 76 வயது. ஈரோட்டில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். ஆனால் குளிக்கவும், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. வீட்டோடு தங்க ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. நான் பெங்களூரில், வேலையும் பத்தாவது படிக்கும் பையனுமாக. தம்பி மஸ்கட்டில்.

"கோயமுத்தூர்ப் பக்கம் அந்த மாதிரி இடமெல்லாம் இருக்குதாமே, போய்ப் பாரு" என்று சொன்னது அம்மாதான். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் சில இடங்களுக்குப் போய் வந்தேன். எல்லா இடத்திலும் சுற்றிக் காட்டும் விதம் ஒன்றுதான். சுத்தமாக இருக்கிறது, சுவரெல்லாம் பிடிமானக் கம்பி, கட்டில் பக்கத்தில் அழைப்பு மணி, ராத்திரியும் நர்ஸ், சின்ன பிள்ளையார் கோயில், யாரும் எடுத்த அடையாளமே இல்லாத புத்தகங்களோடு ஒரு லைப்ரரி. சுவரில் கலர் கலராக ஒரு வாரக் கேலண்டர்: திங்கள் யோகா, செவ்வாய் பஜனை, புதன் தம்போலா. ஒரு இடத்தில் வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டுப் பெரியவர்களை உட்கார வைத்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா வாசல் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிற ஆள். அந்த வரிசையில் அவரை வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பணத்தை ஓரளவு ஏற்பாடு செய்துவிட்டோம். சொந்தக்காரர்கள் பேசுவதைப் பேசட்டும். அங்கேயே குடியிருப்பவர்களோ, அப்பா அம்மாவைச் சேர்த்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள். அம்மாவின் பொழுது அங்கே எப்படிப் போகும் என்பதை ஒரு அரை நாளில் போய்ப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

---

வடவள்ளிவாசகன் எழுதியது:

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். டெபாசிட், மாதப் பராமரிப்பு, சாப்பாடு, கவனிப்புக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். டயப்பர், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள் எல்லாம் பெரும்பாலும் அதற்கு மேல். வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒரு வரி. படுத்த படுக்கையானாலோ, மறதி நோய் முற்றினாலோ வைத்துக்கொள்வார்களா, இல்லை "எங்களால் முடியாது, கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்களா? எத்தனை நாள் அவகாசம் தருவார்கள்? என் அப்பா விஷயத்தில் அந்த வரி கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

---

பழையபோஸ்ட்மாஸ்டர் எழுதியது:

கண்ணு, நீங்கள் சுற்றிப் பார்த்த பக்கத்தில்தான் ஒரு இடத்தில் குடியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் மேனேஜர் என் காபி டம்ளருக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். தபால் துறையில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். வயது 79. முழங்கால் இரண்டும் தகராறு, சர்க்கரை உண்டு, குளிக்க ஒரு பெண் துணைக்கு வருவாள். மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கேலண்டர் பிள்ளைகளுக்காக ஒட்டுவது. யோகா என்று போட்டிருக்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்குவோம். ஒருவர் போட்டோ எடுப்பார், அது உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் மத்தியானம் இருக்கிறது, சாயங்காலம் இருக்கிறது, தூக்கம் வராத ராத்திரி இருக்கிறது. அங்கே எதையெல்லாம் உங்கள் அம்மா முடிவு செய்யலாம், எதையெல்லாம் அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள் என்று கேளுங்கள். பெரிதாகக் கேட்டால் "எல்லாம் அவங்க விருப்பம்தாங்க" என்றுதான் பதில் வரும். அதனால் சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

குளியல் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் முன்பு விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிக் குளிக்கவைத்துவிடுவார்கள். ராத்திரி டியூட்டிப் பெண்கள் ஷிப்ட் மாறுவதற்குள் அத்தனை பேர் குளியலையும் முடித்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், அதுதான் காரணம். அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு வந்த உத்தரவு அப்படி. மார்கழிக் குளிரில் 80 வயசு உடம்பை அந்நேரத்துக்கு நனைத்தால் எப்படியிருக்கும் என்று உத்தரவு போட்டவருக்குத் தெரிய வேண்டாமா? நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் அவரவர் பெயரையும் வேண்டிய நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம். பாதிப் பேருக்குக் காலை எட்டுக்கு மேல்தான் வேண்டியிருந்தது. எங்களில் ஒரு பாட்டி சாயங்காலம்தான் குளிப்பேன் என்றார், வாழ்நாள் முழுக்கக் காட்டு வேலை முடித்து வந்து குளித்துப் பழகியவர். இப்போது பகல் டியூட்டியும் குளியலைப் பங்கிட்டுக்கொள்கிறது. இத்தனைக்கும் கூடுதலாக ஒரு ஆள்கூட வைக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சமையல்காரர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பல இடங்களில் ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். அடுத்த சாப்பாடு மறுநாள் காலை எட்டரைக்கு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி ஆபத்து, நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ தருகிறார்களா, அறையில் கெட்டில் வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று கேளுங்கள். கதவைத் தட்டிவிட்டு, உள்ளிருந்து குரல் வந்த பிறகு நுழைகிறார்களா என்பதைக் கேட்கத் தேவையில்லை, வராந்தாவில் பத்து நிமிஷம் நின்றால் கண்ணிலேயே தெரியும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இங்கே நிறைய இடங்களில் சைவம் மட்டும்தான். அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், சேர்ந்த பிறகு தெரியவரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டே பழகிய ஒருவருக்கு 76 வயதில் அதை நிறுத்து என்றால் அது சின்ன விஷயமா? சில இடங்களில் அறைக்கு வரவழைத்துச் சாப்பிடலாம், சில இடங்களில் கேட்டுக்கு உள்ளேயே கூடாது. எங்களிடம் சென்னைக்காரர்கள், பாலக்காட்டுக்காரர்கள், மதுரைக்காரர்கள், நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் இருக்கிறோம். பூண்டு வேண்டும் என்று ஒரு கட்சி, வாடையே ஆகாது என்று ஒரு கட்சி. சாப்பாட்டுக் கமிட்டி என்று ஒன்று வைத்து, மாதம் ஒருமுறை கூடி, நன்றாகச் சண்டை போடுகிறோம். அப்படித்தான் வாரத்தில் ஒரு நாள் அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளுப் பருப்பும் மெனுவுக்குள் வந்தன. கமிட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. கடைசிக் கூட்டத்தில் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஒன்றும் சொல்லத் தெரியாமல் விழித்தால், அந்தக் கமிட்டி நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருக்கிறது.

நவம்பர் மாதம் வந்து பார்த்தீர்களானால் எங்கள் இடத்தின் உண்மையான முகம் தெரியும். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும் மாதம். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இது என் தொழில், அதனால் நான் சும்மா இருக்கமுடியவில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிஃபிகேட் 2014இல் வந்தபோது எல்லாம் கைரேகைதான். வயதானவர்களின் விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் எடுக்காது. விரலை ஈரத்துணியில் துடைத்து, வேறு விரலை வைத்து, அதுவும் எடுக்காமல் கவுண்டருக்கு முன்னால் நின்று கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2021இலிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. இங்கே சாப்பாட்டு ஹாலில் கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துகொள்வேன், அங்கேதான் காலை வெளிச்சம் முகத்தில் நேராக விழும். முன்னாள் ரயில்வேக்காரர் ஒருவர் ஆதார் நம்பரையும் பென்ஷன் ஆணையின் பிபிஓ நம்பரையும் நோட்டில் எழுதிக்கொள்வார். கணக்கு டீச்சராக இருந்த அம்மா ஒருவர் ஓடிபியைச் சத்தமாகப் படிப்பார். கண் இமைக்கச் சொல்லும்போதுதான் வேடிக்கை. போட்டோ என்றால் இமைக்கக் கூடாது என்று பழகியவர்கள் கண்ணை விரியத் திறந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். "இமைங்க, இமைங்க" என்று ஹாலே கத்தும். படுக்கையில் இருப்பவர்களுக்கு அறைக்குப் போய் எடுத்துவிடுவோம்.

நிர்வாகம் முதலில் இதற்கு ஒரு ஏஜென்டைக் கூட்டி வருகிறேன் என்றது. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்குச் செய்துகொடுப்பார், ஏஜென்ட் எதற்கு என்று கேட்டேன். அதுவும் வேண்டாம், நாங்களே செய்கிறோம் என்று முடிந்தது. அந்த ஒரு மாதம் எங்களில் பலருக்கு மூட்டு வலி குறைவு என்று சிஸ்டர் சொல்லிச் சிரிப்பார். வலி குறைவதில்லை கண்ணு, அதை நினைக்க நேரம் இருப்பதில்லை.

உங்கள் அம்மா பேசுகிற ஆள் என்கிறீர்கள். காது எப்படி? இங்கே "யாரோடும் சேரமாட்டார்" என்று பெயர் வாங்கியவர்களில் பல பேருக்கு உண்மையில் காது கேட்காது. டைனிங் ஹாலில் எவர்சில்வர் தட்டுச் சத்தம், ஃபேன் சத்தம், பத்துப் பேர் பேச்சு. எதிரில் இருப்பவர் சொன்னது புரியாமல் இரண்டு தடவை "ஆ?" என்று கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிடுவார்கள். அப்புறம் அறையிலேயே சாப்பாடு கொண்டுவரச் சொல்லிவிடுவார்கள். காது மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், அந்தப் பொட்டு அளவு பேட்டரியை மாற்ற விரல் ஒத்துழைக்காது. அதை யார் மாற்றிக் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்டால் நிர்வாகம் கொஞ்சம் ஆடிப்போகும், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. சுவர் ஓரமாக நாலு பேர் உட்காரும் சின்ன மேஜை இருக்கிறதா பாருங்கள். காது மந்தமானவர்களுக்கு அதுதான் தோதான இடம்.

ஆண்கள் கதை வேறு. ரிட்டையர் ஆகிப் பல வருடம் ஆனபிறகும் ஆபீசராகவே இருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் இன்று முடியாது.

இன்னொன்று கேட்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். இங்கே யாராவது இறந்துபோனால் என்ன செய்வீர்கள்? முன்பெல்லாம் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பின் கேட் வழியாக ஆம்புலன்ஸ் போய்விடும். காலையில் கதவில் பெயர்ப்பலகை இருக்காது. பக்கத்து மேஜைக்காரர் எங்கே என்று கேட்டால் "மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க" என்பார்கள். நாங்கள் மனசு ஒடிந்துபோவோமாம். ஒடிந்தது வேறு விதமாக. நாளைக்கு நான் போனாலும் இப்படித்தான் பின் கேட் வழியாகப் போவேன், எனக்கும் ஒரு மகன் வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டோம். எனக்கு மகனே இல்லை! கடைசியில் எங்களில் மூத்தவர் ஒருவர் மேனேஜர் அறைக்குப் போய், "நாங்க பார்க்காத சாவா? புருஷனைப் பறிகொடுத்தவங்க, புள்ளையைப் பறிகொடுத்தவங்க இங்க இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான் மாறியது. இப்போது போர்டில் பெயர் எழுதுகிறார்கள், ஹாலில் போட்டோ வைத்து விளக்கேற்றுகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் அவரைப் பற்றிப் பேசலாம். முன் கேட் வழியாகத்தான் வண்டி போகிறது. முடிந்ததும் எல்லோருக்கும் காபி.

பணத்தை ஏற்பாடு செய்துவிட்டேன் என்கிறீர்கள், இருந்தாலும் பழைய புத்தி கேட்கமாட்டேன் என்கிறது. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஹோம் கட்டணம் மாதாமாதம். மாத வருமானத் திட்டத்தில் தனிக் கணக்கில் 9 லட்சம் வரை போட்டுவைத்தால் இடைப்பட்ட மாதங்களுக்குக் கை கொடுக்கும். கணக்கு அம்மா பெயரில், கையெழுத்தும் அவருடையதாக இருக்கட்டும். தன் பணத்தில்தான் இருக்கிறோம் என்பது இங்கே நடையிலேயே தெரியும்.

---

எலும்பும்தசையும் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த மாதிரி இடங்களுக்கு வாரத்தில் சில நாள் போய் வருகிறேன். போஸ்ட்மாஸ்டர் அம்மா சொன்னதற்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

65 வயதைக் கடந்தவர்களில் வருடத்துக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் கீழே விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் நிர்வாகங்களுக்கு விழுவது என்றாலே கிலி. பிள்ளைகள் வந்து சத்தம் போடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். விளைவு, நடக்க முடிந்தவரையும் வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கைத்தடியோடு ஆடி அசைந்து டைனிங் ஹாலுக்கு வர கால் மணி நேரம் ஆகும், தள்ளினால் இரண்டு நிமிஷம். பாசமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் உட்கார வைக்க வைக்கத் தொடைத் தசை கரையும், கரைந்த பிறகு நிஜமாகவே விழுவார்கள். உங்கள் அம்மா கைத்தடிக்கு வந்திருப்பது பெரிய விஷயம். அதை இழக்கவிடாதீர்கள். டைனிங் ஹாலுக்கு ஒட்டின அறை வேண்டாம், கொஞ்சம் நடந்து போகிற தூரத்தில், வழியெல்லாம் கைப்பிடியும் நடுவில் உட்கார ஒரு பெஞ்சும் இருக்கிற அறையாகக் கேளுங்கள். ராத்திரி கட்டிலிலிருந்து டாய்லெட்டுக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று ஜன்னலை மூடிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நாலடியில்தான் விழுகிறார்கள்.

முடிவு செய்கிற உரிமை பற்றி ஒரு பழைய பரிசோதனை உண்டு. எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்டது. அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு, சினிமா வியாழக்கிழமை பார்ப்பதா வெள்ளிக்கிழமை பார்ப்பதா என்று நீங்களே சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு செடி எடுத்துக்கொண்டு நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் அதே சினிமா, அதே செடி, ஆனால் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடிக்காரர்கள்தான் அதிகச் சுறுசுறுப்பாக, மற்றவர்களோடு கலந்து பழகுகிறவர்களாக இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் குளியல் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்த கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

---

திரும்பிவந்தோம் எழுதியது:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும். மாமியாரைச் சேர்த்தோம். இடத்தில் ஒரு குறையும் இல்லை, கேட்டதெல்லாம் செய்தார்கள். ஆனால் அவர் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் மாட்டுக்கும் தென்னைக்கும் நடுவில் வாழ்ந்தவர். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலும் பேங்க், காலேஜ், வெளிநாட்டில் பேரன் என்று பேசுகிறவர்கள். யாரும் அவமதிக்கவில்லை. ஆனாலும் "எனக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லை சாமி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். திரும்பக் கூட்டி வந்துவிட்டோம். இப்போது தோட்டத்து வீட்டில், ஊரில் இருக்கும் ஒரு சித்தி முறைக்காரர் துணையோடு இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாத்ரூமை உடைத்துக் கட்டினோம்.

அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஈரோட்டு வீட்டை உடனே விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். திரும்பி வர ஒரு இடம் இருக்கட்டும். யார் பெயருக்காவது எழுதி வைக்கும் பேச்சு வந்தால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நிபந்தனையை மீறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம்.

---

ஈரோட்டுப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இதை முழுவதும் படித்துக் காட்டினேன். பின் கேட் கதையில் "அப்படிப் போடு" என்றார். திரும்பிவந்தோம் எழுதியதையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். வீட்டை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.

போன ஞாயிறு அம்மாவையே ஒரு இடத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனேன். நான் என் பட்டியலை எடுப்பதற்குள் அவரே, "தையல் மிஷினைக் கொண்டு வரலாமுங்களா?" என்று கேட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அம்மா, இங்க நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம், நல்லா ரெஸ்ட் எடுங்க, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்குவோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மா அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. காரில் வரும்போது "சோறு நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

---

பழையபோஸ்ட்மாஸ்டர் எழுதியது:

அந்த இடம் வேண்டாம். மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும், அவரிடம் உங்கள் அம்மாவுக்கு வேலை இல்லை.

அடுத்த இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று எல்லாமே பளிச்சென்று இருக்கும், பாயசம்கூட இருக்கும். வாரநாளில் மத்தியானம் மூன்றரை மணிக்குப் போங்கள், சொல்லாமல் போங்கள். தூங்கி எழுந்து காபிக்குக் காத்திருக்கும் நேரம். யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஊழியர் ஒருவராவது உட்கார்ந்து பேசுகிறாரா என்று அப்போது பார்க்கலாம். அம்மாவை அங்கே ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஆபீஸ் அறைக்குப் போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பாட்டி உண்மையைச் சொல்லமாட்டார்.

பிடித்துப்போனாலும் உடனே டெபாசிட் கட்ட வேண்டாம். பல இடங்களில் நாள் கணக்குக்கோ மாதக் கணக்குக்கோ பணம் வாங்கிக்கொண்டு தங்கிப் பார்க்க விடுகிறார்கள். ஆடி மாதம் என்றால் இன்னும் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து ஜன்னலையெல்லாம் உலுக்கும், கட்டடம் எப்படிப்பட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

மிஷின் விஷயம்: எங்கள் இடத்தில் தனியாகத் தையல் அறை என்று ஒன்றும் கிடையாது. லிஃப்ட் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டோம், கேட்டவுடன் பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது அங்கே உட்காரத்தான் ஆள் இல்லை, இருந்தவருக்குக் கண் ஆபரேஷன். இங்கே இருபது பேர் நைட்டிக்குப் பாக்கெட் இல்லாமல் போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். ஆனால் இடுப்பு ஆபரேஷன் ஆன கால், பெடல் மிதிக்கலாமா என்று பிசியோ தம்பியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

எலும்பும்தசையும் எழுதியது:

எந்த மாதிரி ஆபரேஷன், எவ்வளவு நாள் ஆனது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொதுவாக மிதி மிஷினைவிட மோட்டார் வைத்தது நல்லது, அதையும் ஆபரேஷன் ஆகாத காலால் அழுத்தப் பழகட்டும். தாழ்வான ஸ்டூல் கூடாது. உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி, கை வைத்த நாற்காலி. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். நூல்கண்டு கீழே விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது, யாரையாவது கூப்பிட வேண்டும்.

---

ஈரோட்டுப்பெண் எழுதியது:

மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது, அப்பா வாங்கிப் பொருத்தியது. போஸ்ட்மாஸ்டர் அம்மா, எந்த இடம் என்று தனிச் செய்தியில் மட்டும் சொல்கிறீர்களா? நைட்டிப் பாக்கெட் உள்பக்கமா வெளிப்பக்கமா, ஒன்றுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று அம்மா கேட்கச் சொல்கிறார்.